சங்கரன்கோவில் மல்லிகைக்கு எந்த விமான நிலையம் பக்கம்?

தூத்துக்குடி விமான நிலையத்தை விரிவுபடுத்தியதிலிருந்து சங்கரன்கோவில் வட்டாரப் பூ விவசாயிகளிடம் ஒரு கேள்வி சுற்றி வருகிறது. "வாகைக்குளத்துல பெரிய விமானமே இறங்கும்ங்கிறாங்க. நம்ம பூவ நேரா அங்க ஏத்திவிட்டா நல்ல வெல வருமா?" 2025 ஜூலை 26 அன்று அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் இப்போது 3,115 மீட்டர். விவசாயிகளுக்கு ஆசை வருவது இயல்புதான். ஆனால் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் ஒரு பதில் வருகிறது, பறித்த மொட்டுக்கு மிச்சமிருக்கும் மணி நேரத்தில் அளந்தால் வேறொரு பதில் வருகிறது.

சங்கரநாராயணர் கோயிலும் ஆடித்தபசும் சங்கரன்கோவிலை வெளியூருக்குத் தெரிய வைத்தவை. ஊருக்குள் சோறு போடுபவை விசைத்தறியும் பூச்சந்தையும். மானாவாரியில் மக்காச்சோளம், உளுந்து, பாசி என்று விதைத்துவிட்டு மழைக்கு வானம் பார்க்கும் பகுதி இது. கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருப்பவர்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று மல்லிகை, பிச்சி, முல்லை வைத்திருக்கிறார்கள். மற்ற பயிரில் பணம் வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வரும். பூவில் தினமும் காசு பார்க்கலாம். ஆனால் அந்தக் காசு முகூர்த்த நாளில் ஒன்றாகவும் மறுநாள் வேறாகவும் இருக்கும். மார்கழி, தை பனியில் மல்லிகை வரத்து சுருங்கி விலை உச்சத்துக்குப் போகும். கோடையில் செடி கொட்டிக் கொடுக்கும், பறிகூலிக்கே விலை கட்டாது. வரத்து கூடிய நாளில் பூவை இன்னொரு ஊருக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கவலை.

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சங்கரன்கோவிலைச் சுற்றி மூன்று விமான நிலையங்கள் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கின்றன. தென்கிழக்கே வாகைக்குளம் 72 கி.மீ. வடகிழக்கே மதுரை 95 கி.மீ. தென்மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் 100 கி.மீ.க்குச் சற்று மேல். சாலையில் போனால் இது ஏறக்குறைய 90, 120, 145 என்று நீளும். (கழுகுமலை வழியாகப் போனால் 40 கி.மீ. தூரத்தில் கோவில்பட்டியிலும் ஒரு பழைய ஓடுதளம் உண்டு. அங்கே பயணிகள் விமானம் வருவதில்லை.) ஆக, பக்கத்தில் இருப்பது வாகைக்குளம்தான். பலரும் கணக்கை இதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

மல்லிகை மொட்டோ பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. விடியுமுன் பறித்த முதிர்ந்த மொட்டு, செடியில் இருந்தாலும் கூடையில் இருந்தாலும் அன்று சாயங்காலம் விரிந்தே தீரும். விரியுமுன் கைமாறினால்தான் மல்லிகைக்கு முழு விலை. வெக்கை கூடக் கூட மூச்சு வேகமாகும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் மூச்சு வேகம் இரண்டு மடங்கு வரை கூடும் என்பது அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்தில் அரிச்சுவடி. சாக்கில் அழுத்திக் கட்டிய பூ மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், உள்ளே கதகதவென்று இருக்கும். அது வெளி வெயிலின் சூடு மட்டுமல்ல, பூவே உண்டாக்கும் சூடும் சேர்ந்தது.

சரி, ஒரு தெர்மாகோல் பெட்டியை வாகைக்குளம் வழியாகச் சென்னைக்கு அனுப்பிப் பார்ப்போம்.

காலை நாலரைக்குப் பறிப்பு தொடங்குகிறது. ஏழு மணிக்குப் பூ சந்தைக்கு வருகிறது. கமிஷன் கடையில் எடை, ஏலம், பிறகு பெட்டியில் அடுக்கி ஐஸ் ஜெல் பை வைத்து ஒட்டி முடிக்க ஒன்பதரை. வண்டி திருநெல்வேலி சாலையில் இறங்குகிறது. வன்னிக்கோனேந்தல், தேவர்குளம், மானூர். இரண்டு பக்கமும் கரிசலும் செவலும் மாறி மாறி வரும் நிலம், நடுநடுவே காற்றாலைகள். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றுக்கு இவை ஓயாமல் சுற்றும். அந்தக் காற்று பூச்செடியின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகும் என்பது தனிக்கதை. இதுவரை சாலை மோசமில்லை. திருநெல்வேலிக்குள் நுழைந்ததும் சுணங்கும். சந்திப்பைத் தாண்டி, பாளையங்கோட்டையைத் தாண்டி, நான்கு வழிச்சாலையில் ஏறிய பிறகுதான் ஓட்டுநர் நிமிர்ந்து உட்காருவார். வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலம், பக்கத்தில் வெளிமான் சரணாலயக் குன்று, கொஞ்ச தூரத்தில் வாகைக்குளம். நல்ல நாளில் மொத்தம் இரண்டு மணி நேரம். மணி பதினொன்றரை.

விமான நிலையத்துக்குப் போனதும் பெட்டி விமானத்தில் ஏறிவிடாது. எடை போட வேண்டும், ரசீது போட வேண்டும், பாதுகாப்புச் சோதனை முடிய வேண்டும். சரக்கை இரண்டு மணி நேரமாவது முன்னதாகக் கொடுத்தால்தான் அந்த விமானத்தில் போகும். விமான நேரம் பெட்டிக்குத் தோதாக அமைந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றரை மணிக்குக் கிளம்புகிறது.

வாகைக்குளத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் வான்வழி நேர்கோட்டில் ஏறக்குறைய 525 கி.மீ. இந்தத் தடத்தில் பெரும்பாலும் பறப்பது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். எழுபத்தெட்டுப் பேர் வரை உட்காரலாம், மேலே போனபின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. ஆனால் கால அட்டவணையில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். காரணம் இருக்கிறது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. விமானம் நேர்கோட்டில் போவதும் இல்லை, குறித்த வழியில் போய், ஓடுதளத்தின் திசைக்குத் திரும்பித்தான் இறங்கும். சென்னையில் இறங்க வரிசையில் நிற்க வேண்டி வந்தால் அதற்கும் நேரம் போகும். எதிர்காற்றும் தன் பங்குக்குச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். தரையில் உருளும் நேரத்தையும் சேர்த்துத்தான் அட்டவணையில் போடுகிறார்கள். ஒரு விமானத் தடத்தின் தூரத்தையும் வேகத்தையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்து போவது இதனால்தான். குறுகிய தடங்களில் இந்தக் கூடுதல் நேரம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகிவிடும்.

மூன்று மணிக்குச் சென்னை. சரக்கு வெளியே வர ஒரு மணி நேரம். அங்கிருந்து கோயம்பேடு பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் கத்திப்பாராவும் நூறடிச் சாலையும் குறுக்கே நிற்கின்றன. பெட்டி கடையில் இறங்கும்போது மாலை ஐந்து. பறித்து பன்னிரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அதில் விமானம் எடுத்துக்கொண்டது ஒன்றரை, அதாவது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதே பெட்டியை ஒன்பதரைக்கு வேனில் ஏற்றி நேராகச் சென்னைக்கு விட்டிருந்தால்? சாலையில் 600 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, பத்து பதினோரு மணி நேரம், இரவு எட்டு மணி வாக்கில் போய்ச் சேரும். விமானத்தால் மிச்சமானது மூன்று மணி நேரம். சங்கரன்கோவில் வழியாகவே போகும் பொதிகை ரயிலில் சாயங்காலம் ஏற்றினால் மறுநாள் விடியலில் எழும்பூர். மூன்று மணி நேரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஐந்து மணிக்குப் போனால் மொட்டு, எட்டு மணிக்குப் போனால் பூ. ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. முகூர்த்த நாளில் கட்டுப்படியாகலாம். கோடையில் விலை விழுந்து கிடக்கும் நாளில், அதாவது வெளிச்சந்தை மிகவும் தேவைப்படும் நாளில், கட்டுப்படியாகாது.

ஓடுதளம் நீண்டதால் இனி பெரிய ஜெட் விமானம் வரும், அது வேகமாகப் போகுமே என்பார்கள். போகும்தான். ஜெட் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். ஆனாலும் ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்த்தால் சென்னைக்கு மிச்சமாவது பதினைந்து இருபது நிமிடம். அதைத் திருநெல்வேலி நெரிசல் ஒரே சிக்னலில் வாங்கிவிடும். நீண்ட ஓடுதளத்தால் பூவுக்கு வரக்கூடிய நன்மை வேகமல்ல, இடம். ஏடிஆரில் பயணிகளின் பெட்டி படுக்கை போக மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். விமானம் நிரம்பிவிட்டால் பூப்பெட்டி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஜெட்டின் வயிற்றில் சரக்குக்கு நிறைய இடம் உண்டு.

இனி மதுரைப் பக்கம் பார்ப்போம். சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே கரிவலம்வந்தநல்லூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் என்று போகிற வழி. வாகைக்குளத்தைவிட 30 கி.மீ. கூடுதல், நேரமும் முக்கால் மணி முதல் ஒரு மணி கூடுதல். ராஜபாளையத்துக்கு அப்பால் நான்கு வழிச்சாலை முழுதாக வந்துவிட்டால் இது குறையும். மதுரை ஓடுதளம் 2,285 மீட்டர்தான். இன்றைக்கு வாகைக்குளத்தின் ஓடுதளம் அதைவிட 800 மீட்டருக்கு மேல் நீளம். இதைக் கேட்டதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் மதுரையில் சுங்கத்துறை இருக்கிறது, வெளிநாட்டு விமானம் இருக்கிறது. 2012 செப்டம்பரில் கொழும்புக்குத் தொடங்கிய சேவை, பின்னர் துபாய், சிங்கப்பூர் என்று விரிந்தது. வாகைக்குளம் உள்நாட்டு விமான நிலையம். அங்கே ஏற்றும் பூ சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும், அதற்கு மேல் போக வேண்டுமென்றால் அங்கே இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. மதுரையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய 3,000 கி.மீ. வாகைக்குளம் – சென்னை தூரத்தைப் போல ஆறு மடங்கு. பறக்கும் நேரமோ நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான், அதாவது இரண்டரை மணி நேரமே கூடுதல். சாலை, சோதனை, காத்திருப்பு எல்லாம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றேதான். சென்னைக்கு விமானத்தில் அனுப்பும் சிரமத்தோடு கொஞ்சம் கூட்டினால் அயல்நாட்டுத் தமிழர் சந்தைக்கே அனுப்பிவிடலாம். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றதும் அந்தச் சந்தையில் அதற்கு ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது. சங்கரன்கோவில் பூ அந்தப் பெயரில் போக முடியாது. குறியீடு எந்தப் பகுதிக்கு உரியதோ அந்தப் பகுதிப் பூவுக்குத்தான் பொருந்தும். அதை மறந்து பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள்.

இப்படி இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே நிற்பவர்களுக்கு இன்னொரு யோசனை தோன்றும். வாகைக்குளத்தில் ஏற்றி மதுரைக்கு விமானத்தில் கொண்டுபோய் மாற்றினால் என்ன? இரண்டுக்கும் நடுவே வான்வழியில் 123 கி.மீ.தான். விமானம் மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். சாலையில் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்னும்போது அந்த விமானத்தில் யார் ஏறுவார்கள்? ஆனால் இதைவிடச் சற்றே நீண்ட தடம் ஒன்று நன்றாகவே நடக்கிறது. திருச்சிக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் நடுவே நேர்கோட்டில் 185 கி.மீ. அளவுதான். 2025 மார்ச் 30 முதல் இதே ஏடிஆர் ரக விமானம் அங்கே பறக்கிறது, பயணம் ஒரு மணி நேரத்தை ஒட்டி. நடுவில் கடல் இருக்கிறது, சாலை இல்லை. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலில் போனால் கடலில் மட்டும் நான்கு மணி நேரம். ஆகவே இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே விமானம் ஓடுமா என்பதைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. விமானத்தை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

சங்கரன்கோவில் பூவுக்கு அந்த "வேறு வழி" மேற்கே இருக்கிறது. காலை ஒன்பதுக்குக் கிளம்பும் வேன் தென்காசி, செங்கோட்டை, புளியரைச் சோதனைச் சாவடி, ஆரியங்காவு, தென்மலை என்று மலையில் ஏறி இறங்கி மதியம் ஒரு மணி, ஒன்றரைக்குத் திருவனந்தபுரம் அல்லது கொல்லத்தில் நிற்கும். பறித்து ஒன்பது மணி நேரம். மொட்டு இன்னும் மூடியே இருக்கும். பாதுகாப்புச் சோதனை இல்லை, பெட்டி அளவு பார்ப்பதில்லை, வியாபாரி ஃபோனில் சொன்னால் போதும். ஓணம் பத்து நாளும் சங்கரன்கோவில் சந்தை ஏன் அப்படி ஏறுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மணிக்கணக்கில் பார்த்தால் சங்கரன்கோவில் பூவுக்குச் சென்னையைவிடக் கேரளம் பக்கம், விமானத்தை வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான்.

அப்படியும் விமானத்தில் அனுப்பிப் பார்க்க நினைக்கும் விவசாயிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பெட்டியின் அளவுக் கணக்கு. விமானச் சரக்கில் உண்மை எடை, கொள்ளளவு எடை என்று இரண்டு பார்த்து எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் கொள்ளளவு எடை கிலோவில் வரும். 60 × 40 × 40 செ.மீ. பெட்டி என்றால் 96,000. வகுத்தால் 16 கிலோ. உள்ளே பூவும் ஐஸ் ஜெல்லும் சேர்ந்து 9 கிலோ இருந்தாலும் 16 கிலோவுக்குத்தான் ரசீது போடுவார்கள். பூ, இடத்தை அடைக்கும், எடை கம்மி. எனவே பெட்டியின் உயரத்தில் 10 செ.மீ. குறைத்தால் 4 கிலோ கட்டணம் மிச்சம். அதற்காக மொட்டை நசுக்கி அடைக்கக் கூடாது, காற்றுக்கு இடம் வேண்டும். மொத்தமாகப் பேசி அனுப்பும் ஏஜென்ட் கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லும்போது, எந்தக் கிலோ என்று கேட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டுக்கு என்றால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அபெடா பதிவு, பயிர் நலச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். சான்றிதழுக்குப் பூவில் பூச்சி இருக்கக் கூடாது. மொட்டுப்புழுவும் இலைப்பேனும் உள்ள தோட்டத்துப் பூ அங்கேயே நின்றுவிடும். அதற்காகப் பறிப்புக்கு முதல் நாள் மருந்து அடித்தால் எச்சத்தில் மாட்டும். ஏற்றுமதிக்கென்று ஒதுக்கும் செடிகளைத் தனியே பராமரித்து, மருந்து அடித்த தேதியை நோட்டில் எழுதி வைப்பவர்களால்தான் இதைத் தொடர்ந்து செய்ய முடியும்.

புளியங்குடி எலுமிச்சைக்காரர்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. பழம் ஒரு வாரம் தாங்கும், லாரியிலேயே எந்த ஊருக்கும் போகும். அவர்கள் வாகைக்குளத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பிச்சி, முல்லைக்கும் மல்லிகையைப் போலவே அவசரம் உண்டு.

பன்னிரண்டரை மணி நேரக் கணக்கை மறுபடி பார்த்தால், ஓடுதளத்தையோ விமானத்தையோ தொடாமலே பூவைக் காப்பாற்றக்கூடிய இடம் ஒன்று தெரிகிறது. பறித்த நாலரை மணியிலிருந்து பெட்டி ஒட்டும் ஒன்பதரை வரை ஐந்து மணி நேரம். இந்த ஐந்து மணி நேரமும் பூ துணிப்பையிலும் சாக்கிலும் சூடேறியபடி கிடக்கிறது. அதற்குப் பிறகு வைக்கும் ஐஸ், ஏற்கெனவே விரியத் தயாரான மொட்டைப் பிடித்து நிறுத்தப் போராடுகிறது. சந்தையிலேயே ஒரு குளிர் அறை இருந்து, பூ ஏழு மணிக்கே அதற்குள் போய்விட்டால் சென்னைக்கு வேனில் போகும் பூவுக்கே விமானத்தில் போகும் பூவின் ஆயுள் கிடைக்க வாய்ப்புண்டு. அந்த அறைக்கான மானியத் திட்டங்கள் தோட்டக்கலைத் துறையிலும் வேளாண் விற்பனைத் துறையிலும் இருக்கின்றன. தனி விவசாயியைவிடக் குழுவாகக் கேட்பது எளிது.

அறை வரும்வரை தோட்டத்தில் செய்யக்கூடியதும் உண்டு. பறித்த பூவை நிழலில் ஈரத்துணி மேல் பரப்பி ஆறவிட்டு, பிறகு காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடையில் சந்தைக்குக் கொண்டுவரலாம். இரண்டு பெட்டிகளை மட்டும் சோதனைக்கு அனுப்பலாம், ஒன்று சாக்குப் பூ, ஒன்று கூடைப் பூ. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய வெப்பமானியைப் போட்டு, ஒட்டும்போது எத்தனை டிகிரி, மறுமுனையில் திறக்கும்போது எத்தனை டிகிரி, நூறு மொட்டில் எத்தனை விரிந்துவிட்டது என்று வாங்குபவரை எண்ணிச் சொல்லச் சொல்ல வேண்டும். சித்திரையில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை.